எரிந்த தாளும் இழந்த நாற்காலியும்

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் பலதார மணத்தைப் பற்றிப் பேசும்போது மார்மன் சபையை ஒரு வரியில் குறிப்பிட்டிருந்தேன். அந்த ஒரு வரிக்குக் கடலூர், புதுச்சேரி வட்டாரங்களிலிருந்து வந்த கடிதங்களே அதிகம் என்பதால், இம்முறை மற்றக் கேள்விகளை ஒத்திவைத்துவிட்டு இதற்கு மட்டும் விடை எழுதுகிறேன்.

கேள்வி: பெங்களூரில் மகனைப் பார்க்கப் போயிருந்தபோது, மார்மன் சபையார் அங்கே ஆலயம் கட்டுவதாகச் சொன்னான். ‘ஆளுக்கு நாலைந்து பெண்டாட்டி கட்டுகிறவர்கள்தானே?’ என்று கேட்டேன். ‘அப்பா, அது பழைய கதை’ என்று முடித்துவிட்டான். எனக்கு அந்தப் பழைய கதைதான் வேண்டும். அதனால் அவர்களுடைய தலைவர்களுக்குள்ளேயே பெரும் பூசல் நடந்ததாமே?
– ஓய்வுபெற்ற தபால் ஊழியர், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: உங்கள் மகன் சொன்னது சரிதான். பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பது மார்மன் சபையின் முழுப்பெயர். மனைவி உயிருடன் இருக்கையில் இன்னொருத்தியை மணப்பவரை அந்தச் சபை இன்று விலக்கிவிடுகிறது. பலதார மணத்தை இன்னும் கடைப்பிடிக்கும் சிறு குழுக்கள் அதிலிருந்து பிரிந்து சென்றவை.

ஜோசப் ஸ்மித் என்னும் விவசாயி மகன் 1830 ஏப்ரல் 6 அன்று, தம் 24ஆம் வயதில், நியூயார்க் மாநிலத்து ஃபாயெட் என்ற ஊரில் இந்தச் சபையைத் தொடங்கினார். பொன் தகடுகளிலிருந்து தாம் மொழிபெயர்த்ததாக அவர் சொன்ன மார்மன் நூலின் பெரும்பகுதியை, அவர் சொல்லச்சொல்ல எழுதியவர் ஆலிவர் கௌட்ரி என்ற பள்ளி ஆசிரியர். தகடுகளைக் கண்ணால் கண்டதாகக் கையெழுத்திட்ட மூன்று சாட்சிகளில் ஒருவரும் அவரே. சபையில் ஸ்மித்துக்கு அடுத்த இடத்தில் இருந்த இந்த மனிதரிடமிருந்துதான் நீங்கள் கேட்கும் பூசல் தொடங்குகிறது.

சபை ஒஹாயோ மாநிலத்துக் கர்ட்லண்டில் இருந்த 1830களின் நடுப்பகுதியில், ஸ்மித் வீட்டில் வேலைக்கு இருந்த ஃபேனி ஆல்ஜர் என்ற இளம்பெண்ணுக்கும் அவருக்கும் உறவு ஏற்பட்டது. பிற்காலத்துச் சபையார் அதை முதல் பலதாரத் திருமணமாகக் கருதினர். கௌட்ரிக்கோ அது வெறும் கள்ளத்தொடர்பு. 1838 ஜனவரியில் தம் சகோதரருக்கு எழுதிய கடிதத்தில் அதனை அழுக்கும் அருவருப்புமான விவகாரம் என்றே குறிப்பிட்டார். அதே ஆண்டு ஏப்ரலில் மிசூரியில் அவர்மீது நடந்த சபை விசாரணையில், ஸ்மித்மீது விபசாரப் பழி சுமத்தினார் என்பதும் குற்றச்சாட்டுகளுள் ஒன்றாக இருந்தது. அவர் விலக்கப்பட்டார். இத்தனைக்குப் பிறகும் தகடுகளைக் கண்டதாகத் தாம் சொன்ன சாட்சியை அவர் மாற்றிக்கொள்ளவில்லை; ஸ்மித் இறந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1848இல், மீண்டும் ஞானஸ்நானம் பெற்றுச் சபைக்குத் திரும்பினார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1835இல் அச்சான சபையின் வேதநூலில், ஓர் ஆணுக்கு ஒரு மனைவி, ஒரு பெண்ணுக்கு ஒரு கணவன் என்று தெளிவாகச் சொல்லும் ஒரு பிரிவு இருந்தது. பின்னர் தலைவர்கள் பல மனைவியரோடு வாழ்ந்த காலம் முழுவதும் அந்தப் பிரிவு அங்கேயே இருந்தது. 1876ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் அதை எடுத்துவிட்டு, கடவுள் தமக்கு அறிவித்ததாக ஸ்மித் சொன்ன, பலதார மணத்தை ஏற்கும் ‘வெளிப்படுத்தலை’ச் சேர்த்தார்கள். நம் கடைத்தெரு மொழியில் சொன்னால், வெளியே காட்ட ஒரு பேரேடு, உள்ளே இரண்டாம் நம்பர் கணக்கு. மனைவியர் எத்தனை பேர் என்பதைவிட இந்த இரட்டைக் கணக்குதான் அந்தத் தலைவர்களைப் பிளந்தது என்பது என் கருத்து. கீழே வரும் விடைகளையும் அந்த நோக்கிலேயே எழுதியிருக்கிறேன்.

கேள்வி: இத்தனை திருமணம் நடந்தபோது முதல் மனைவி என்ன செய்துகொண்டிருந்தாள்? அவளைக் கேட்டுத்தான் செய்தார்களா?
– வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: பெரும்பாலும் கேட்கவில்லை. எம்மா ஹேல் 1827 ஜனவரியில், பெற்றோர் விருப்பத்தை மீறி, ஸ்மித்தை மணந்தவர். ஊர் ஊராகத் துரத்தப்பட்ட வாழ்க்கையில் பிள்ளைகள் பலரைப் பறிகொடுத்தும் கணவரை விட்டு விலகாதவர். 1839க்குப் பிறகு மார்மன்கள் இல்லினாய் மாநிலத்தில் மிசிசிப்பி ஆற்றங்கரையில் நாவூ என்ற நகரை எழுப்பினார்கள். அங்கே 1841 ஏப்ரலில் லூயிசா பீமன் என்ற பெண்ணை ஸ்மித் மறைவாக மணந்தார். அதன்பின் அத்தகைய திருமணங்கள் தொடர்ந்தன. அவருக்கு 30 முதல் 40 மனைவியர் வரை இருந்திருக்கலாம் என்று சபையே 2014இல் வெளியிட்ட கட்டுரையொன்று ஒப்புக்கொள்கிறது. அவர்களுள் சிலர் ஏற்கெனவே கணவர் உள்ளவர்கள் என்பதையும், அப்போஸ்தலர் எனப்படும் சபையின் உயர் தலைவர்களுள் ஒருவரான ஹீபர் கிம்பலின் மகள் ஹெலனுக்கு 15 வயது நிறையச் சில மாதங்கள் இருந்தன என்பதையும் அதே கட்டுரை மறைக்கவில்லை. ‘முத்திரித்தல்’ என்று அவர்கள் சொல்லும் திருமணச் சடங்கு மறுமைக்கு மட்டும் ஆனதா, இம்மைக்கும் சேர்த்தா என்பது பெண்ணுக்குப் பெண் வேறுபட்டது.

1842 மார்ச்சில் நாவூவில் பெண்களுக்கென ஓர் உதவிச் சங்கம் அமைந்தபோது அதன் தலைவியாக எம்மா தேர்ந்தெடுக்கப்பட்டார். ஊரில் உலவிய ‘ஆன்மிக மனைவி’ என்ற பேச்சை எதிர்த்து அவர் அந்தச் சங்கத்தில் முழங்கினார். சங்கத்தின் செயலாளர் எலைசா ஸ்னோவோ அந்த ஆண்டு ஜூன் மாதத்தில் எம்மாவின் கணவருக்கே மறைவாக மனைவியானார். தலைவி ஒழுக்கத்தைப் பற்றிப் பேசப்பேச, அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்த செயலாளரின் மனநிலையை நினைத்துப் பார்த்தால் யாரைக் குறை சொல்வதென்றே தெரியவில்லை.

1843 மே மாதத்தில் எம்மா சற்று இறங்கிவந்தார். தாமே தேர்ந்தெடுத்த பெண்களை மணக்க ஒப்புக்கொண்டு, தம் வீட்டிலேயே தங்கியிருந்த எமிலி, எலைசா என்ற பார்ட்ரிஜ் சகோதரிகளைக் கைகாட்டினார். அவ்விருவரையும் ஸ்மித் மார்ச் மாதத்திலேயே மணந்துவிட்டிருந்தார் என்பது எம்மாவுக்குத் தெரியாது. உண்மையைச் சொல்லத் துணிவின்றி, முதல் சடங்கு நடக்காததுபோல் எம்மாவின் கண்ணெதிரே இன்னொரு முறை திருமணம் செய்துவைத்தார்கள். எம்மாவின் சம்மதம் வெகுநாள் நீடிக்கவில்லை. சகோதரிகள் இருவரும் வீட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது.

அவ்வாண்டு ஜூலை 12 அன்று, பலதார மணத்தைக் கடவுளின் கட்டளையாகக் கூறும் வெளிப்படுத்தலை ஸ்மித் சொல்ல, அவருடைய எழுத்தர் வில்லியம் கிளேட்டன் எழுதினார். அதில் எம்மாவின் பெயரே வருகிறது. கீழ்ப்படியாவிட்டால் அழிவு என்ற எச்சரிக்கையும் வருகிறது. எழுத்தில் இருந்தால் எம்மாவை ஏற்கவைத்துவிடலாம் என்று நம்பிய ஸ்மித்தின் அண்ணன் ஹைரம் அதை அவரிடம் கொண்டுபோய், கடும் வசை வாங்கிக்கொண்டு திரும்பினார். சில நாளில், எம்மாவை அமைதிப்படுத்துவதற்காக, அந்தத் தாள் அழிக்கப்பட்டது. ஆனால் அதற்குள் ஒரு நகல் எடுக்கப்பட்டிருந்தது. பிற்பாடு வேதநூலில் ஏறியது அந்த நகலின் வாசகம்தான்.

சக்களத்திச் சண்டை என்று இதை ஒதுக்கிவிடக் கூடாது. எம்மாவின் கோபம் அந்தப் பெண்களைவிடத் தம்மிடம் பொய் சொன்ன கணவர்மீதும், அவருக்குத் துணைநின்ற சபைப் பெரியவர்கள்மீதும்தான் மிகுதியாக இருந்தது என்றே நான் நினைக்கிறேன்.

கேள்வி: வள்ளி, தெய்வானை என்று இரு தேவியரோடு நிற்கும் முருகனைக் கும்பிடும் நாம் அவர்களைக் குறை சொல்லலாமா? அவர்களில் அதிகபட்சம் எத்தனை மனைவியர்?
– வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: அவர்களும் ஆபிரகாம், யாக்கோபு, தாவீது என்று வேதாகமத்து முன்னோர்களைத்தான் சான்று காட்டினார்கள். ஆனால் வள்ளி திருமணம் விடிய விடிய ஊரறிய நடக்கும் கூத்து; நாவூத் திருமணங்கள் பக்கத்து அறைக்கும் தெரியாமல் நடந்தவை. எண்ணிக்கை என்று பார்த்தால், ஸ்மித்துக்குப் பின் சபையை நடத்திய பிரிகாம் யங் ஐம்பதுக்கும் மேற்பட்ட பெண்களை மணந்தவர். அவர்களுள் 16 பேர் மூலம் அவருக்கு 57 பிள்ளைகள். இந்தக் கொள்கையை முதன்முதலில் கேட்டபோது, வாழ்நாளில் முதன்முறையாகக் கல்லறையை விரும்பினேன் என்று அவரே பிற்பாடு சொன்னார்.

கேள்வி: தலைமையில் இருந்த மற்றவர்கள் வாய்மூடி இருந்தார்களா? எதிர்த்தவர்கள் என்ன ஆனார்கள்?
– தமிழாசிரியர், கடலூர் முதுநகர்

பதில்: எதிர்த்தவர் பலர். ஒவ்வொருவர் கதையும் ஒவ்வொரு விதமாக முடிந்தது.

பன்னிரு அப்போஸ்தலர்களில் ஒருவரான ஆர்சன் பிராட், கணிதத்திலும் வானியலிலும் ஆர்வம் மிக்கவர். அவர் இங்கிலாந்தில் ஊழியம் செய்துகொண்டிருந்தபோது ஸ்மித் தம்மிடம் தகாத முறையில் பேசினார் என்று அவருடைய மனைவி சாரா சொன்னார். சாராவுக்கும் நாவூ மேயர் ஜான் பென்னட்டுக்கும்தான் தொடர்பு என்று ஸ்மித் தரப்பு திருப்பியடித்தது. சபையிலிருந்து விலக்கப்பட்ட பென்னட் 1842இல் செய்தித்தாள்களில் ஸ்மித்தின் மறைமணங்களை அம்பலப்படுத்திக்கொண்டிருந்த நேரம் அது. தீர்க்கதரிசியை நம்புவதா, மனைவியை நம்புவதா என்ற தவிப்பில் ஜூலை மாதத்தில் ஒருநாள் பிராட் காணாமற்போனார். உயிரை மாய்த்துக்கொண்டாரோ என்று அஞ்சி ஊரே தேடியது. திரும்பிவந்தவர், ஸ்மித்தின் நன்னடத்தைக்குச் சான்றளிக்கும் பொதுக்கூட்டத் தீர்மானத்துக்கு எதிராகக் கை தூக்கினார். ஆகஸ்டில் விலக்கப்பட்டார். அடுத்த ஜனவரியில் சமரசம் ஏற்பட்டு, கணவனும் மனைவியும் மீண்டும் ஞானஸ்நானம் பெற்றார்கள்.

கதை அதோடு முடியவில்லை. பலதார மணம் சபையின் கொள்கை என்று, ஸ்மித் மறைவுக்குப் பின் சபையார் குடியேறிய யூட்டாவின் சால்ட் லேக் நகரில் 1852 ஆகஸ்ட் 29 அன்று உலகறிய முதன்முதலாகப் பிரசங்கித்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? இதே ஆர்சன் பிராட்தான். அதற்குள் அவரும் பல பெண்களை மணந்திருந்தார். சாரா 1868 வாக்கில் அவரை விட்டுப் பிரிந்து, பலதார மணத்தின் வெளிப்படையான எதிரியானார். இவ்வளவு விசுவாசம் காட்டியும் பழைய கணக்கு தீரவில்லை. 1842இல் சில மாதங்கள் வெளியே இருந்ததைக் காரணம் காட்டி, 1875இல் பிரிகாம் யங் அப்போஸ்தலர்களின் மூப்பு வரிசையில் பிராட்டைக் கீழே இறக்கினார். மூப்பு உள்ளவரே அடுத்த தலைவர் என்பது அச்சபையின் மரபு. யங் இறந்தபின் ஜான் டெய்லர் தலைவரானார். பிராட் அந்த நாற்காலியில் அமராமலே 1881இல் காலமானார்.

சிட்னி ரிக்டன், சபையின் முதன்மைத் தலைமையில் ஸ்மித்தின் ஆலோசகர், பேச்சாற்றல் மிக்கவர். அவருடைய 19 வயது மகள் நான்சியை 1842இல் ஸ்மித் கேட்க, அந்தப் பெண் முகத்துக்கு நேரே மறுத்துவிட்டாள். தந்தைக்கும் ஸ்மித்துக்கும் இடையிலான பிளவு அதன்பின் முழுமையாக ஆறவில்லை.

வில்லியம் லா என்ற இன்னோர் ஆலோசகர்தான் எல்லாவற்றையும் வெடிக்க வைத்தவர். 1843 ஆகஸ்டில் ஹைரம் அந்த வெளிப்படுத்தலைச் சபையின் நிர்வாகக் குழுவான நாவூ உயர்மன்றத்தில் படித்துக்காட்டியபோது, மன்றத் தலைமையில் இருந்த வில்லியம் மார்க்ஸ் உள்ளிட்ட மூவர் ஏற்க மறுத்தனர். லாவும் அவர் மனைவி ஜேனும் ஸ்மித் இந்தக் கொள்கையைக் கைவிட வேண்டும் என்று வற்புறுத்தி, பயனில்லாமல், 1844 ஏப்ரலில் விலக்கப்பட்டார்கள். மே 26 அன்று ஸ்மித் மேடையில், ‘எனக்கு ஏழு மனைவியர் என்கிறார்கள், எனக்கோ ஒருத்தியைத்தான் காண முடிகிறது’ என்று பேசினார். பன்னிரண்டு நாளில், ஜூன் 7 அன்று, லாவும் நண்பர்களும் ‘நாவூ எக்ஸ்பாசிட்டர்’ என்ற செய்தித்தாளை வெளியிட்டு, வெளிப்படுத்தலைக் கேட்டதாகவும் படித்ததாகவும் பிரமாண வாக்குமூலங்களை அச்சிட்டார்கள். அப்போது நாவூ மேயராக இருந்தவர் ஸ்மித். நகர்மன்றம் அந்தத் தாளைப் பொதுத் தொல்லை என்று அறிவித்தது. ஜூன் 10 அன்று அச்சகம் உடைக்கப்பட்டு எழுத்துகள் தெருவில் கொட்டப்பட்டன. இரண்டாவது இதழ் வரவே இல்லை. அதைத் தொடர்ந்த வழக்குகளில் சிறைப்பட்ட ஜோசப்பும் ஹைரமும் ஜூன் 27 அன்று கார்த்தேஜ் சிறையில் முகத்தில் கரி பூசிய கும்பலால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்தத் தாளில் லா எழுதியவற்றுள் அரசியல் காழ்ப்பும் இருந்தது. ஆயினும் மணங்களைப் பற்றிய அதன் செய்தி மெய்யே என்பதைப் பிற்காலத்தில் சபையே வெளியிட்ட ஆவணங்கள் காட்டிவிட்டன.

கேள்வி: இவர்கள் நம் நாட்டுக்கு அந்தக் காலத்திலேயே வந்தார்களா?
– கல்லூரி மாணவி, லாஸ்பேட்டை

பதில்: வந்தார்கள். பிராட் பலதார மணத்தை அறிவித்த அதே 1852 ஆகஸ்டு மாநாட்டில்தான் இந்தியாவுக்கும் ஊழியர்களை அனுப்பினார்கள். அவர்களுள் மூவர் 1853இல் சென்னையில் இறங்கினர். அந்த அறிவிப்பு ஊழியர்களுக்கு முன்பே இங்குள்ள ஆங்கிலப் பாதிரிமாரின் காதுக்கு எட்டியிருந்தது. பலன் என்னவாக இருந்திருக்கும் என்று நீங்களே ஊகிக்கலாம். சில ஆண்டுகளில் அந்த முயற்சி அடங்கிவிட்டது.

கேள்வி: அமெரிக்கச் சட்டம் எப்போது தலையிட்டது? நம் புதுச்சேரிச் சட்ட வரலாற்றோடு ஒப்பிட முடியுமா?
– வழக்கறிஞர், புதுச்சேரி

பதில்: 1862இல் இருதார மணத்தைத் தடுக்கும் கூட்டாட்சிச் சட்டம் வந்தது, உள்நாட்டுப் போரின் நடுவே அதை யாரும் அமல்படுத்தவில்லை. பிரிகாம் யங்கின் செயலாளர் ஜார்ஜ் ரெனால்ட்ஸ்மீது போடப்பட்ட சோதனை வழக்கில்தான், 1879 ஜனவரியில், சமய நம்பிக்கை குற்றத்துக்குச் சமாதானம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கணவன் சிதையில் மனைவி எரிவது கடமை என்று நம்பினால் அரசு பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா என்ற கேள்வி அந்தத் தீர்ப்பில் வருகிறது. பலதார மணம் ஆசிய, ஆப்பிரிக்க மக்களுக்கே உரியது என்ற வாக்கியமும் அதில் வருகிறது. முதலாவது நல்ல வாதம். இரண்டாவது அந்தக் காலத்து வெள்ளையர் செருக்கு.

புதுச்சேரியில் அதற்கு இரண்டே ஆண்டுகள் கழித்து, 1881 செப்டம்பர் 21 ஆணையின்படி, மத, சாதி வழக்கப்படியான தம் தனிச்சட்டத்தைத் துறந்தவர்கள் பிரெஞ்சு உரிமையியல் சட்டத்துக்குள் வந்தார்கள். முதல் மணம் கலையாமல் இரண்டாம் மணம் இல்லை என்பது அந்தச் சட்டத்தின் விதி. இங்கே தாமாக முன்வந்து கையெழுத்திட்டதை, யூட்டாவில் சிறையும் பறிமுதலும் காட்டி வாங்க வேண்டியிருந்தது. சென்னை மாகாணத்து இந்துக்களுக்கு 1949ஆம் ஆண்டுச் சட்டம் இருதார மணத்தைத் தடைசெய்தது. இந்து திருமணச் சட்டம் 1963இல் புதுச்சேரிக்கு நீட்டிக்கப்பட்டபோதும் துறந்தோர் அதற்கு வெளியே விடப்பட்டது உங்களுக்குத் தெரிந்ததே.

1882, 1887 ஆண்டுகளின் கடுமையான சட்டங்கள் யூட்டாவை நெருக்கின. தலைவர் ஜான் டெய்லர் தலைமறைவாகவே 1887 ஜூலையில் இறந்தார். சபைச் சொத்துகளை அரசு கைப்பற்றத் தொடங்கியது. அடுத்த தலைவர் வில்ஃபர்ட் உட்ரஃப் 1890 செப்டம்பரில் புதிய பலதாரத் திருமணங்களை நிறுத்தும் அறிக்கையை வெளியிட்டார். அப்போதும் இரண்டாம் நம்பர் கணக்கு மூடப்படவில்லை. அறிக்கைக்குப் பின்னும் சில தலைவர்கள் மறைவாகத் திருமணங்களை நடத்திவைத்தார்கள். அமெரிக்க மேலவை அதனைக் குடைந்தெடுக்கத் தொடங்கிய பிறகு, 1904இல் இரண்டாம் அறிக்கை வந்தது. ஜான் டெய்லரின் மகனும் அப்போஸ்தலருமான ஜான் டபிள்யூ. டெய்லர், தம் சக அப்போஸ்தலர் மத்தியாஸ் கௌலியுடன் பதவி விலகவும், 1911இல் சபையிலிருந்தே நீக்கப்படவும் நேர்ந்தது. தந்தை எதை விடமாட்டேன் என்று ஒளிந்து இறந்தாரோ, அதையே விடாததற்காக மகனைத் தந்தையின் சபை வெளியேற்றியது.

கேள்வி: ஸ்மித்தின் சொந்தப் பிள்ளைகள் ஏன் யூட்டாவுக்குப் போகவில்லை?
– வாசகர், பண்ருட்டி

பதில்: தலைவர் மறைந்ததும் மனைவி ஒரு பக்கம், தளபதி ஒரு பக்கம் என்று நிற்கும் காட்சி தமிழ்நாட்டவருக்குப் புதிதல்ல. 1844 ஆகஸ்ட் 8 அன்று நாவூவில் கூடிய கூட்டம் ரிக்டனை ஒதுக்கி, யங் தலைமையிலான பன்னிருவரை ஏற்றது. ஜேம்ஸ் ஸ்ட்ராங் என்பவர் தனிக்குழு கண்டு, முதலில் பலதார மணத்தை எதிர்த்தார். பிறகு இரண்டாம் மனைவிக்கு ஆண் வேடமிட்டுத் தம் உடன்பிறந்தாரின் மகன் என்று சொல்லி உடன் அழைத்துத் திரிந்தார். எம்மா யாரோடும் போகாமல் நாவூவிலேயே தங்கி, 1847 டிசம்பரில் சபைக்கு வெளியே ஒருவரை மறுமணம் செய்துகொண்டார். அவருடைய மூத்த மகன் மூன்றாம் ஜோசப் ஸ்மித், பலதார மணத்தை வெறுத்தவர்கள் கூடி அமைத்த மறுசீரமைப்புச் சபைக்கு 1860இல் தலைவரானார். முன்பு உயர்மன்றத்தில் மறுத்த வில்லியம் மார்க்ஸ் அங்கே அவருக்குத் துணைநின்றார்.

தம் தந்தை பலதார மணம் செய்யவே இல்லை, எல்லாம் யங் கட்டிய கதை என்பது அந்த மகனின் வாழ்நாள் வாதம். எம்மாவும் 1879இல், இறப்பதற்கு இரண்டு மூன்று மாதங்கள் முன்பு, மகனிடம் அதையே சொன்னார். கண்ணெதிரே நடந்த சடங்குகளை அவர் ஏன் மறுத்தார்? பிள்ளைகளுக்குத் தந்தையின் பெயரைக் காத்துத் தர விரும்பியிருப்பார் என்பதைத் தவிர எனக்கு வேறு விளக்கம் தோன்றவில்லை.

மிசூரியின் இண்டிபெண்டன்ஸ் நகரில் ஆலயத்துக்கென ஒதுக்கிய நிலம் யாருக்கு என்று, அதை வைத்திருந்த வேறொரு சிறு சபைமீது மறுசீரமைப்புச் சபை வழக்குத் தொடுத்தபோது, ஸ்மித்தின் உண்மையான வாரிசு எந்தச் சபை என்ற கேள்வி எழுந்தது. பலதார மணத்தை நிறுத்திவிட்டதாக உலகுக்கு அறிவித்து இரண்டு ஆண்டுகூட ஆகாத யூட்டாச் சபை, அதன் நிறுவனர் பலரை மணந்தார் என்று நிறுவுவதற்காக 1892 மார்ச்சில் முதிய பெண்கள் அந்தச் சிறு சபைக்காகச் சாட்சி சொல்லத் துணைநின்றது. அவர்களுள் ஒருவர், ஸ்மித்துக்குப் பின் பிரிகாம் யங்கை மணந்து ஏழு பிள்ளைகளைப் பெற்ற எமிலி பார்ட்ரிஜ். 68 வயதில் அவர் எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் கூசவைக்கும் கேள்விகளுக்கு நடுவே, தமக்கு ஒரே மனிதரோடு இரண்டு முறை திருமணம் நடந்ததையும், இரண்டாம் முறை எம்மா பக்கத்தில் நின்றதையும் பிரமாணத்தின்பேரில் சொன்னார்.